வேலைநிறுத்தத்தின் செலவு யாருக்கு? விமானப் பயணியின் இழப்பீட்டு உரிமை: ஒரு வரலாறு

விமானிகளோ விமானப் பணிக்குழுவினரோ வேலைநிறுத்தத்தில் இறங்கும்போது, நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையிலான பூசலில் எந்தப் பங்கும் இல்லாத பயணிதான் அதன் முதல் அடியை வாங்குகிறார். அவர் பணம் செலுத்திப் பதிவு செய்த விமானம் புறப்படுவதில்லை. அதற்கு அவர் காரணமும் இல்லை, அதைத் தடுக்கும் வழியும் அவரிடம் இல்லை. இந்த இழப்பை யார் சுமக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கடந்த நூறாண்டுகளில் சட்டம் அளித்த விடைகள் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. நீண்ட காலம் வரை வேலைநிறுத்தம் புயல், போர், கலவரம் ஆகியவற்றின் வரிசையில் வைக்கப்பட்டு, போக்குவரத்து நிறுவனத்தின் கைமீறிய இடையூறாகவே எண்ணப்பட்டது; ஆகவே இழப்பும் பயணியின் தலையிலேயே விடப்பட்டது. ஐரோப்பாவில் 2018-க்கும் 2021-க்கும் இடையில் வெளிவந்த சில தீர்ப்புகள் அந்த வரிசையிலிருந்து வேலைநிறுத்தத்தைப் பிரித்தெடுத்து, தொழில் நடத்துவதோடு ஒட்டிவரும் செலவுகளுள் ஒன்றாக ஆக்கின. பயணியின் உரிமையைப் பற்றியதாக மட்டுமே தோன்றும் இம்மாற்றம், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பேரத்தின் எடையையும் சேர்த்தே மாற்றியது.

கடலிலிருந்து வானுக்கு

வேலைநிறுத்தத்தைப் பேரிடர்களோடு சேர்த்து எண்ணும் வழக்கம் விமானத் தொழிலில் பிறந்ததன்று. அது கப்பல் தொழிலிலிருந்து வந்த மரபு. 1924 ஆகஸ்ட் 25 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் கையெழுத்தாகி, ஹேக் விதிகள் என்ற பெயரில் வழங்கும் பன்னாட்டு உடன்படிக்கை, சரக்குக்கு ஏற்படும் சேதத்திற்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டாத சூழ்நிலைகளாகப் பதினேழு இனங்களை வரிசைப்படுத்தியது. கடலின் ஆபத்துகள், இறைச்செயல், போர், நோய்த்தடைக் காவல், கலவரம் ஆகியவற்றோடு, எக்காரணத்தால் நேர்ந்ததாயினும் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் அப்பட்டியலில் இடம்பெற்றன. இந்தியா அடுத்த ஆண்டே இவ்விதிகளைக் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமாக இயற்றிக்கொண்டது. கப்பலும் சரக்கும் வணிகர்களின் கையில் இருந்தன. இரு தரப்பும் காப்பீடு செய்துகொள்ள வல்லவை. வேலையை நிறுத்துபவர்களும் பல சமயங்களில் கப்பலின் சொந்த ஊழியர்களாக இல்லாமல் துறைமுகத் தொழிலாளர்களாகவே இருந்தனர். இந்நிலையில் வேலைநிறுத்தத்தை இரு தரப்புக்கும் பொதுவான இடராகக் கொண்டதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் ஊழியர் யாருடையவர், பூசல் எதைப் பற்றியது என்ற வேறுபாடு எதையும் பார்க்காமல் எல்லா வேலைநிறுத்தங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிய அந்தப் பார்வை, பின்னர் வணிகரல்லாத பயணிகளுக்கும் அப்படியே பொருத்தப்பட்டது.

1929 அக்டோபர் 12 அன்று வார்சாவில் கையெழுத்தான உடன்படிக்கையே வான்வழிப் பயணத்துக்கான முதல் பன்னாட்டுப் பொறுப்புச் சட்டம். அதன் 19-ஆம் பிரிவு, தாமதத்தால் விளையும் சேதத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பு என்றது. 20-ஆம் பிரிவோ, சேதத்தைத் தவிர்க்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்ததாக, அல்லது எடுப்பது இயலாததாக இருந்ததாக நிறுவனம் மெய்ப்பித்தால் அப்பொறுப்பு நீங்கும் என்றது. இந்தியாவில் 1934-ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டம் இதை நடைமுறைப்படுத்தியது. இவ்வுடன்படிக்கையின்கீழ்ப் பயணி பெறக்கூடியது, தாமதத்தால் தமக்கு உண்மையில் நேர்ந்த பண இழப்பை ரசீதுகளோடு காட்டி நிறுவினால் கிடைக்கும் ஈடு மட்டுமே. அலைச்சலுக்கும் பறிபோன நாளுக்கும் அதில் விலை இல்லை. இதற்கு மேல், பல பத்தாண்டுகளாகப் பயணச்சீட்டின் பின்புறத்தில் சிற்றெழுத்துகளில் அச்சிடப்பட்டு வந்த ஒப்பந்த நிபந்தனைகள், கால அட்டவணையில் காட்டிய நேரங்களுக்கு உத்தரவாதம் இல்லை என்றும், அந்நேரங்கள் ஒப்பந்தத்தின் பகுதியே அல்ல என்றும் அறிவித்தன. புறப்படும் நேரத்தைப் பார்த்தே சீட்டு வாங்கியவரிடம், அந்த நேரத்துக்கு நிறுவனம் கட்டுப்பட்டதில்லை என்று அதே சீட்டின் மறுபக்கம் சொன்னது. 1999 மே 28 அன்று உருவாகி 2003 நவம்பர் 4 முதல் நடைமுறைக்கு வந்த மான்ட்ரியல் உடன்படிக்கை வார்சா முறையைப் புதுப்பித்தபோதும், இந்தியா 2009-இல் அதில் இணைந்தபோதும், தாமதம் பற்றிய அடிப்படை மாறவில்லை. ‘நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய’ நடவடிக்கைகளை எடுத்ததாகக் காட்டும் நிறுவனம் தப்பிக்கலாம். தப்பாவிட்டாலும் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகாகிய சிறப்பு எடுப்பு உரிமையில் கணக்கிடப்படும் அவ்வரம்பு, தொடக்கத்தில் பயணி ஒருவருக்கு 4,150 அலகுகளாக இருந்தது.

வேலைநிறுத்தத்தின் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று இக்காலத்தில் அமெரிக்காவில் இருந்தது. ஆனால் அது பயணிக்காக உருவானதன்று. 1958 அக்டோபரில் ஆறு பெரிய அமெரிக்க விமான நிறுவனங்கள் பரஸ்பர உதவி ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. ஒரு நிறுவனத்தில் வேலைநிறுத்தம் நடந்தால், அதன் பயணிகள் தம்மிடம் வந்ததால் கிடைத்த கூடுதல் வருவாயிலிருந்து அவர்களை ஏற்றிச் செல்ல ஆன கூடுதல் செலவைக் கழித்துக்கொண்டு, மீதியை மற்ற நிறுவனங்கள் பாதிக்கப்பட்ட நிறுவனத்துக்கே கொடுத்துவிடும். தொழிற்சங்கங்கள் இதை வேலைநிறுத்தத்தை உடைக்கும் கூட்டு என்று எதிர்த்தன; 1978-ஆம் ஆண்டின் விமானத் துறைக் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் இதற்கு முடிவுகட்டியது. முதலாளிகள் தமக்குள் காப்பீடு செய்துகொண்ட இருபது ஆண்டுகளில், சீட்டோடு நின்ற பயணிக்கென்று அந்தக் கணக்கில் ஒரு பத்தி கூட இல்லை.

இருக்கை மறுக்கப்பட்டவரிடமிருந்து பிறந்த உரிமை

பயணிக்கு நிலையான தொகையை இழப்பீடாகத் தரும் முறை வேலைநிறுத்தத்திலிருந்து தொடங்கவில்லை. இருக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல் சீட்டு விற்கும் வழக்கத்திலிருந்து தொடங்கியது. பதிவு செய்தவர்களில் சிலர் வரமாட்டார்கள் என்ற கணக்கில் நிறுவனங்கள் கூடுதலாக விற்கும். எல்லோரும் வந்துவிட்டால் சிலர் இறக்கிவிடப்படுவர். 1972 ஏப்ரலில் வாஷிங்டனிலிருந்து ஹார்ட்ஃபோர்டு செல்லும் அலெகனி ஏர்லைன்ஸ் விமானத்தில், உறுதி செய்யப்பட்ட சீட்டு வைத்திருந்தும் இடம் மறுக்கப்பட்டவர், நுகர்வோர் உரிமை இயக்கத்தின் முன்னோடியான ரால்ஃப் நேடர். அவர் தொடுத்த வழக்கில் விசாரணை நீதிமன்றம் 10 டாலர் ஈட்டுத்தொகையும் 25,000 டாலர் தண்டத்தொகையும் விதித்தது. மேல்முறையீடுகளைக் கடந்து வந்த வழக்கில் 1976 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கூடுதல் விற்பனையை மறைத்துச் சீட்டு விற்றதற்காகப் பயணி பொது நீதிமன்றத்தை நாடும் உரிமை அழியவில்லை என்று தீர்ப்பளித்தது. 1978-இல் அமெரிக்க ஒழுங்குமுறை வாரியம், தாமாக இடம்விட்டுக்கொடுக்க முன்வருவோரை முதலில் தேட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது.

ஐரோப்பாவில் விமானச் சேவைகளுக்கான அரசுக் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டுவந்த காலத்தில், 1991 பிப்ரவரி 4 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 295/91 எனும் ஒழுங்குவிதியை இயற்றியது. ஒழுங்குவிதி என்பது உறுப்பு நாடுகள் தனியே சட்டம் இயற்றத் தேவையின்றி நேரடியாகச் செல்லுபடியாகும் ஐரோப்பியச் சட்டம். இருக்கை மறுக்கப்பட்டவருக்கு 3,500 கிலோமீட்டர் வரையான பயணத்துக்கு 150 எக்யூவும், அதற்கு மேற்பட்ட தொலைவுக்கு 300 எக்யூவும் தர வேண்டும் என்றது அவ்விதி. எக்யூ என்பது யூரோவுக்கு முன் கணக்குக்காகப் பயன்பட்ட பொது நாணய அலகு. இழப்பை நிறுவ ரசீது காட்டத் தேவையில்லை, இடம் மறுக்கப்பட்டதே போதும் என்பது இதன் புதுமை. ஆயினும் ரத்தான விமானங்களும் தாமதமான விமானங்களும் இதன் எல்லைக்கு வெளியே நின்றன. ஆதலால் வேலைநிறுத்தத்தில் சிக்கியவருக்கும் இதில் எதுவும் இல்லை.

ரத்தையும் தாமதத்தையும் உள்ளே கொண்டுவந்தது 2004 பிப்ரவரி 11 அன்று நிறைவேறி 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த 261/2004 எனும் ஒழுங்குவிதி. ஐரோப்பிய ஆணையம் 2001 டிசம்பரில் முன்வைத்த வரைவில் 750 யூரோ, 1,500 யூரோ என்ற தொகைகள் இருந்தன. நாடாளுமன்றத்துக்கும் உறுப்பு நாடுகளின் அமைச்சர் அவைக்கும் இடையிலான சமரசத்தில் அவை இறங்கி, 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, இடைத்தொலைவுப் பயணங்களுக்கு 400 யூரோ, நெடுந்தொலைவுக்கு 600 யூரோ என முடிந்தன. விமானம் ரத்தாகும் செய்தி புறப்படும் நாளுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே பயணிக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால் இத்தொகை இல்லை. ரத்து எக்காரணத்தால் நேர்ந்தாலும், கட்டணத்தைத் திருப்பித் தருவது அல்லது மாற்றுப் பயணம் ஏற்பாடு செய்வது ஒரு கடமை; காத்திருப்பவருக்கு உணவும் தேவையானால் விடுதியும் தருவது மற்றொரு கடமை. பயணிக்குக் குறைவாகத் தரும் எந்த ஒப்பந்த நிபந்தனையும் செல்லாது என்று 15-ஆம் பிரிவு அறிவித்ததால், சீட்டின் பின்புறச் சிற்றெழுத்துகளுக்கு ஐரோப்பாவில் இருந்த வலிமையும் பெருமளவு போயிற்று.

நிலையான தொகையிலிருந்து மட்டும் தப்ப ஒரு வழி வைக்கப்பட்டது. எல்லா நியாயமான நடவடிக்கைகளையும் எடுத்திருந்தும் தவிர்க்க முடியாத ‘அசாதாரணச் சூழ்நிலைகள்’ ரத்துக்குக் காரணம் என்று நிறுவனம் மெய்ப்பித்தால் இழப்பீடு தர வேண்டியதில்லை. இச்சூழ்நிலைகள் எவை என்று சட்டத்தின் பிரிவுகள் வரையறுக்கவில்லை. நோக்கங்களை விளக்கும் முகப்புரையின் 14-ஆம் பத்தி மட்டுமே, அரசியல் நிலையின்மை, மோசமான வானிலை, பாதுகாப்பு அச்சுறுத்தல், எதிர்பாராத பறத்தல் பாதுகாப்புக் குறைபாடு ஆகியவற்றோடு, நிறுவனத்தின் இயக்கத்தைப் பாதிக்கும் வேலைநிறுத்தங்களையும் எடுத்துக்காட்டாகச் சொன்னது. 1924-இன் கப்பல் பட்டியல் எண்பது ஆண்டுகளுக்குப் பின் விமானப் பயணியின் உரிமைச் சாசனத்திலேயே மீண்டும் தலைகாட்டியது.

நீதிமன்றங்கள் வரைந்த எல்லைக்கோடு

விமான நிறுவனங்களின் கூட்டமைப்புகள் இந்த ஒழுங்குவிதியையே செல்லாததாக்கக் கோரித் தொடுத்த வழக்கை, லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2006 ஜனவரி 10 அன்று தள்ளியது. அடுத்து வந்தது விதிவிலக்கின் அகலம் பற்றிய கேள்வி. வியன்னாவிலிருந்து ரோம் வழியாக பிரிண்டிசிக்குச் செல்ல வேண்டியிருந்த குடும்பம் ஒன்றின் அலிடாலியா விமானம், எஞ்சின் பழுது காரணமாகப் புறப்படச் சில நிமிடங்களே இருந்தபோது ரத்தானது. 2008 டிசம்பர் 22 அன்று இவ்வழக்கில் நீதிமன்றம் வகுத்த அளவுகோலே பின்னர் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம்: ஒரு நிகழ்வு விமான நிறுவனத்தின் வழக்கமான செயல்பாட்டில் இயல்பாக அடங்கியதாக இருக்கக் கூடாது, அதன் கட்டுப்பாட்டுக்கு உண்மையிலேயே மீறியதாகவும் இருக்க வேண்டும், இவ்விரண்டும் சேர்ந்தால்தான் அது அசாதாரணம். முகப்புரையில் பெயர் சொல்லப்பட்டிருப்பதாலேயே எந்த நிகழ்வும் தானாக விலக்குப் பெறாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2009 நவம்பர் 19 அன்று வந்த மற்றொரு தீர்ப்பு, மூன்று மணிநேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சென்று சேர்ந்தவருக்கும் விமானம் ரத்தானவருக்குரிய இழப்பீடு உண்டு என்றது.

இந்த அளவுகோலை வேலைநிறுத்தத்துக்குப் பொருத்திப் பார்த்த தேசிய நீதிமன்றம் ஒன்று பயணிக்கு எதிரான விடையையே கண்டது. 2010 பிப்ரவரியில் ஜெர்மானிய விமானிகள் சங்கம் லுஃப்தான்சாவில் அறிவித்த வேலைநிறுத்தத்தால் ரத்தான விமானங்கள் பற்றிய வழக்குகளில், ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்ட் 21 அன்று, சங்கம் அறிவிக்கும் வேலைநிறுத்தம் நிறுவனத்தின் மீது வெளியிலிருந்து செலுத்தப்படும் அழுத்தம் என்றும், ஆகவே அது அசாதாரணச் சூழ்நிலையே என்றும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்த ஃபின்ஏர் வழக்கு சற்று வேறு வகையானது. 2006 ஜூலை 28 அன்று பார்சிலோனா விமான நிலையப் பணியாளர் வேலைநிறுத்தத்தில் ரத்தான விமானத்தின் பயணிகளை ஏற்றிச் செல்வதற்காக, இரண்டு நாள் கழித்துப் புறப்பட்ட விமானத்தில் முறையாகச் சீட்டு வைத்திருந்தவரை அந்நிறுவனம் இறக்கிவிட்டது. வேலைநிறுத்தத்தின் பின்விளைவு என்று காரணம் காட்டி அவருக்கு இழப்பீட்டை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். வேலைநிறுத்தம் ஓய்ந்த பிறகும் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இதனால் ஒரு வரம்பு வந்தது.

சட்டமியற்றுவோர் இக்குழப்பத்தைத் தாமே தீர்க்க ஒருமுறை முயன்றனர். 2013 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த திருத்த வரைவின் இணைப்பில், விமான நிறுவனத்திலோ, விமான நிலையம், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற இன்றியமையாச் சேவை நிறுவனங்களிலோ ஏற்படும் தொழிற்தகராறுகள் அனைத்தும் அசாதாரணச் சூழ்நிலைகளே என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. அது நிறைவேறியிருந்தால் கேள்வி அன்றே மூடப்பட்டிருக்கும். ஆனால் உறுப்பு நாடுகளின் கருத்து வேறுபாடுகளாலும், ஜிப்ரால்டர் விமான நிலையத்துக்கு விதி பொருந்துமா என்று பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே இருந்த பழைய பிணக்காலும் வரைவு முடங்கியது. சட்டமன்றம் விட்டுவைத்த வெற்றிடத்தை நீதிமன்றம் நிரப்பியது.

முதல் வாய்ப்பு ஜெர்மனியின் டூயிஃபிளை நிறுவனத்திலிருந்து வந்தது. 2016 செப்டம்பர் 30 அன்று அதன் நிர்வாகம் நிறுவனத்தை மறுசீரமைக்கப் போவதாக ஊழியர்களிடம் திடீரென அறிவித்தது. சங்கம் எதையும் அறிவிக்கவில்லை. ஆனால் ஊழியர்களுக்குள் செய்தி பரவி, மறுநாள் முதலே உடல்நலக் குறைவு என்று விடுப்பெடுத்தோர் தொகை ஏறத் தொடங்கியது. வழக்கமாகப் பத்து விழுக்காடு அளவில் இருந்த மருத்துவ விடுப்பு, அக்டோபர் 1 முதல் 10 வரையான நாள்களில் விமானிகளிடையே 89 விழுக்காடு வரையிலும், பணிக்குழுவினரிடையே 62 விழுக்காடு வரையிலும் உயர்ந்தது. அக்டோபர் 7 மாலை ஊழியர் பிரதிநிதிகளோடு உடன்பாடு எட்டப்பட்டதாக நிர்வாகம் அறிவித்தது. 2018 ஏப்ரல் 17 அன்று வெளியான தீர்ப்பில் நீதிமன்றம் இந்த நிகழ்ச்சி வரிசையையே சான்றாக எடுத்துக்கொண்டது. மறுசீரமைப்பு என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் செய்யும் நிர்வாகச் செயல். ஊழியர் எதிர்ப்பு அதனோடு இயல்பாகவே வரக்கூடிய விளைவு. நிர்வாகத்தின் அறிவிப்பால் கிளம்பி, நிர்வாகத்தின் உடன்பாட்டால் அடங்கிய ஒன்றை அதன் கட்டுப்பாட்டுக்கு மீறியது என்று சொல்ல முடியாது. இது அந்நாட்டுச் சட்டப்படி முறையான வேலைநிறுத்தமா என்ற கேள்வியையும் நீதிமன்றம் ஒதுக்கியது. அதை அளவுகோலாக்கினால் பயணியின் உரிமை நாட்டுக்கு நாடு மாறிவிடும் என்பது அதன் வாதம்.

மூன்று நாடுகளின் விமானிகள், ஒரு தீர்ப்பு

சங்கம் முறைப்படி அறிவித்து, முன்னறிவிப்புக் கொடுத்து நடத்தும் வேலைநிறுத்தத்துக்கும் இது பொருந்துமா என்பது இன்னும் திறந்தே இருந்தது. நடைமுறையில் பெரும்பாலான வேலைநிறுத்தங்கள் இவ்வகையின என்பதால், உண்மையான சோதனை இதுவே. 2017 முதல் 2020 வரை செல்லுபடியாக வேண்டிய கூட்டு ஒப்பந்தத்தை, அதாவது ஊதியத்தையும் பணிநிலைகளையும் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து வகுத்த உடன்பாட்டை, ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்ஏஎஸ்-இன் விமானிகள் சங்கங்கள் முன்கூட்டியே முடித்துக்கொண்டு புதிய பேச்சைத் தொடங்கின. பேச்சு முறிந்தது. 2019 ஏப்ரல் 26 முதல் மே 2 வரை டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் விமானிகள் பணியை நிறுத்தியதில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகி, ஏறத்தாழ 3,80,000 பயணிகள் பாதிக்கப்பட்டனர். மே 2 இரவு எட்டிய உடன்பாடு விமானிகளுக்கு 2019-இல் 3.5, 2020-இல் 3, 2021-இல் 4 விழுக்காடு ஊதிய உயர்வைத் தந்தது.

வழக்கு எழுந்தது ஏப்ரல் 29 அன்று மால்மோவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குப் புறப்படாமல் போன ஓர் உள்நாட்டு விமானத்தைப் பற்றி. கோரிக்கைத் தொகை 250 யூரோ மட்டுமே. பயணிகளிடமிருந்து உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, வென்றால் பங்கு எடுத்துக்கொள்ளும் கோரிக்கை நிறுவனங்கள் இக்காலத்தில் ஐரோப்பாவில் பெருகியிருந்தன. அவற்றுள் ஒன்றான ஏர்ஹெல்ப் இவ்வழக்கை நடத்தியது. சிறு தொகைக்காக வழக்காட முன்வராத பயணிகளின் உரிமை, திரட்டப்பட்ட வணிகமாக மாறியிராவிட்டால் இக்கேள்வி இவ்வளவு விரைவில் மேல் நீதிமன்றத்தை எட்டியிருக்குமா என்பது ஐயமே.

தீர்ப்புக்கு முன் சுதந்திரமான சட்டக் கருத்தை வழங்கும் பதவியில் இருந்த பிரீட் பிகாமே, 2020 செப்டம்பரில் விமான நிறுவனத்தின் பக்கமே நின்றார். சங்கத்தின் முடிவு நிர்வாகத்துக்கு வெளியே எடுக்கப்படுவது. வேலைநிறுத்தத்தின் நேரடி நட்டத்தோடு இழப்பீட்டுச் சுமையும் சேர்ந்தால், பேரமேசையில் முதலாளியின் கை வலுவிழக்கும் என்பது அவருடைய வாதம். 2021 மார்ச் 23 அன்று நீதிமன்றத்தின் பேரமர்வு இதை ஏற்கவில்லை. சொந்த ஊழியரின் ஊதியமும் பணிநிலையும் பற்றிய பூசல், அப்பூசலிலிருந்து பிறக்கும் வேலைநிறுத்தம் உட்பட, எந்த முதலாளியும் அன்றாடத் தொழிலில் எதிர்கொள்ள வேண்டிய ஒன்று. கூட்டுப் பேரமும் வேலைநிறுத்தமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைச் சாசனத்தின் 28-ஆம் பிரிவு காக்கும் உரிமைகள் ஆதலால், அவற்றைப் பயன்படுத்துவது எந்த முதலாளிக்கும் எதிர்பாராதது ஆகாது. முன்னறிவிப்பு பெற்ற நிறுவனத்துக்கு அதைச் சமாளிக்கும் வழிகளும் ஓரளவு உண்டு. இழப்பீடு தர வேண்டியிருப்பதால் நிறுவனம் சங்கத்தின் எல்லாக் கோரிக்கைகளுக்கும் பணிந்தே ஆக வேண்டும் என்பதையும் நீதிமன்றம் மறுத்தது. பேரம் பேசும் உரிமை நிறுவனத்திடமே இருக்கிறது, இழப்பீடு அதன் கணக்கில் இன்னொரு செலவு மட்டுமே. ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2012-இல் வெளியிலிருந்து வரும் அழுத்தமாகக் கண்டதை, ஐரோப்பிய நீதிமன்றம் இவ்வாறு வீட்டுக்குள் நடக்கும் கணக்குவழக்காகக் கண்டது.

அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று யூரோவிங்ஸ் வழக்கில் எல்லை மேலும் நகர்ந்தது. தாய் நிறுவனமான லுஃப்தான்சாவில் நடந்த போராட்டத்துக்கு ஆதரவாக, துணை நிறுவனமான யூரோவிங்ஸின் பணிக்குழுவினர் 2019 அக்டோபர் 20 அன்று காலை 5 மணி முதல் 11 மணி வரை பணியை நிறுத்துவதாக அறிவித்து, பின் அன்று அதிகாலையிலேயே அதை நள்ளிரவு வரை நீட்டித்தனர். ஒரே குழும நிறுவனங்களின் ஊழியர் ஒருவருக்கொருவர் துணைநிற்பது எதிர்பாராதது அல்ல என்று கூறி, சால்ஸ்பர்க்கிலிருந்து பெர்லின் செல்ல முடியாமல் போனவருக்கு இழப்பீடு உண்டு என்றது நீதிமன்றம். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னும் இவ்விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. 2018 கோடையில் ரயன்ஏர் ஊழியர் நடத்திய வேலைநிறுத்தங்கள் பற்றி அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் தொடர்ந்த வழக்கில், அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் பயணிகளுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்புகளுக்குப் பின்னும் விதிவிலக்கு முற்றாக மறையவில்லை. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களோ விமான நிலையப் பணியாளர்களோ நிறுத்தும் வேலை, விமான நிறுவனம் பேசித் தீர்க்கக்கூடிய பூசல் அல்ல என்பதால் அது இன்னமும் அசாதாரணமாக எண்ணப்படலாம். அரசு மட்டுமே நிறைவேற்றக்கூடிய கோரிக்கைக்காக நடக்கும் வேலைநிறுத்தமும் அவ்வாறே. பிரான்சின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தத்தில் சிக்கியவருக்கு 250 யூரோ கிடைக்காமல் போவதும், சொந்த நிறுவனத்தின் விமானிகள் நிறுத்தியதில் சிக்கியவருக்குக் கிடைப்பதும் இந்த வேறுபாட்டால்தான். ஆனால் உணவு, விடுதி, மாற்றுப் பயணம், கட்டணத் திருப்பம் ஆகியவற்றுக்கு எந்த விலக்கும் இல்லை. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வானத்தையே மூடியபோது தவித்த பயணியின் வழக்கில் கூட, பராமரிப்புக் கடமைக்கு நாள் வரம்போ தொகை வரம்போ கிடையாது என்று 2013 ஜனவரியில் நீதிமன்றம் கூறியது.

மறுவழி சென்ற நாடுகள்

ஐரோப்பா 2013-இல் நிறைவேற்றாமல் விட்ட வரையறையை ஏறத்தாழ அதே வடிவில் கனடா 2019-இல் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த கனேடிய விமானப் பயணியர் பாதுகாப்பு விதிகள், பெரிய நிறுவனங்கள் தம் கட்டுப்பாட்டில் உள்ள தாமதத்துக்கு 400 முதல் 1,000 கனேடிய டாலர் வரை தர வேண்டும் என்றன. ஆனால் நிறுவனத்துக்குள்ளேயே எழும் தொழிற்தகராறும் அதன் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளதாகவே பட்டியலிடப்பட்டது. 2025 ஆகஸ்ட் 16 அன்று ஏர் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பணிக்குழுவினர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, பயணிகளுக்கு மாற்றுப் பயணமோ கட்டணத் திருப்பமோ உண்டு, இழப்பீட்டுத் தொகை இல்லை என்ற நிலை இதன் விளைவே.

இந்தியாவின் வரலாறும் இப்பாதையிலேயே சென்றது. 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள், சங்கம் அமைத்த இருவரைப் பணிநீக்கியதற்கு எதிராக ஒட்டுமொத்த மருத்துவ விடுப்பில் சென்று ஐந்து நாள் சேவையை முடக்கினர். அதற்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், இருக்கை மறுப்பு, ரத்து, தாமதம் ஆகியவற்றுக்கான விதிகளை நடைமுறைப்படுத்தியது. 2016 ஆகஸ்டில் உயர்த்தப்பட்ட தொகைகளின்படி, முன்னறிவிப்பின்றி ரத்தான விமானத்துக்குப் பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றுள் எது குறைவோ அது கிடைக்கும். ஆனால் நிறுவனத்தை விடுவிக்கும் அசாதாரணச் சூழ்நிலைகளாக இவ்விதி எண்ணும் பட்டியலில், இயற்கைப் பேரிடர், உள்நாட்டுப் போர், கலவரம், வெள்ளம், வெடிப்பு ஆகியவற்றோடு, வேலையை நிறுத்தும், மெதுவாக்கும், இடைமறிக்கும் வேலைநிறுத்தங்களும் தொழிற்தகராறுகளும் இடம்பெறுகின்றன. 2012 மே 7 முதல் ஜூலை 3 வரை ஏர் இந்தியா விமானிகள் நடத்திய 58 நாள் வேலைநிறுத்தத்திலும், 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணிக்குழுவினர் கூட்டாக மருத்துவ விடுப்பெடுத்ததில் பல விமானங்கள் ரத்தானபோதும் விதியின் நிலை இதுவாகவே இருந்தது. 2024-இல் இருபத்தைந்து பேரைப் பணிநீக்கிய நிர்வாகம், தொழிலாளர் ஆணையரின் சமரசப் பேச்சில் அதைத் திரும்பப் பெற்றதும் விடுப்பு முடிந்தது. நிர்வாகத்தோடான பூசலில் எழுந்து நிர்வாகத்தின் முடிவால் அடங்கிய இந்நிகழ்ச்சி டூயிஃபிளை வழக்கின் அச்சாக அமைந்திருந்தும், இந்திய விதியின்கீழ் சொந்த ஊழியரின் வேலைநிறுத்தத்துக்கும் வெளியாரின் வேலைநிறுத்தத்துக்கும் வேறுபாடு இல்லை. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தை நாடுவதே இந்தியப் பயணிக்கு எஞ்சும் வழி; அங்கு நிலையான தொகை இல்லை, ஒவ்வொரு வழக்கும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியது.

ஐரோப்பிய, இந்தியச் சட்டமுறைகள் இரண்டும் சென்னை விமான நிலையத்தில் அருகருகே செயல்படுகின்றன. ஐரோப்பிய விதி, ஒன்றியத்திலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும், வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் விமானங்களில் ஐரோப்பிய நிறுவனங்கள் இயக்குபவற்றுக்கும் பொருந்தும். ஆகவே சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் செல்லும் லுஃப்தான்சா விமானம் அந்நிறுவன விமானிகளின் வேலைநிறுத்தத்தால் ரத்தானால், தமிழ்நாட்டுப் பயணிக்கும் 600 யூரோ கோரும் உரிமை உண்டு. அதே நாளில் அதே விமான நிலையத்திலிருந்து இந்திய நிறுவனத்தில் மும்பைக்குச் செல்லவிருந்தவர் தம் நிறுவன விமானிகளின் வேலைநிறுத்தத்தில் சிக்கினால், அந்நிறுவனம் மேற்கண்ட பட்டியலைக் காட்டி விலகிக்கொள்ளலாம்.

ஐரோப்பிய நிலையும் முடிந்த முடிவன்று. 2025 ஜூன் 5 அன்று உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள், பன்னிரண்டு ஆண்டுகள் கிடப்பில் இருந்த திருத்தத்தை மீண்டும் எடுத்து, தாமத இழப்பீட்டுக்கான மூன்று மணிநேர வரம்பை நான்காகவும் ஆறாகவும் உயர்த்தவும், தொகைகளை 300, 500 யூரோ என மாற்றவும் உடன்பட்டனர். நாடாளுமன்றத்தின் இசைவின்றி அது சட்டமாகாது. எத்தொகை, எத்தனை மணிநேரம் என்ற பேரம் எவ்வாறு முடிந்தாலும், அதைவிட ஆழமானது எந்த வேலைநிறுத்தம் யாருடைய பொறுப்பு என்ற கேள்விதான். சொந்த ஊழியரின் வேலைநிறுத்தத்துக்கு இழப்பீடு உண்டு என்னும் சட்டம், நிர்வாகம் உடன்பாட்டைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளுக்கும் விலை வைப்பதன் வழியே சங்கத்துக்கு ஒரு வலிமையைச் சேர்க்கிறது. இழப்பீடு இல்லை என்னும் சட்டம், அந்த நாளின் விலையைப் பயணியிடம் வாங்கிக்கொண்டு நிர்வாகத்துக்குக் காலஅவகாசம் தருகிறது. இரண்டுமே தொழிற்தகராறில் ஒரு பக்கம் சாய்பவைதான். நடுநிலையான விதி என்று ஒன்று இங்கு இல்லை. ஐரோப்பிய நீதிமன்றம் செய்தது, பூசலில் அமரவே இயலாத ஒருவரிடமிருந்து அச்செலவை எடுத்து, அதைப் பேசித் தீர்க்கும் மேசையில் அமர்ந்திருப்பவரிடம் ஒப்படைத்ததே. தீர்க்க வல்லவரே செலவையும் ஏற்க வேண்டும் என்ற இந்தக் கொள்கை, 1924-இன் பட்டியலை இன்னும் கைவிடாத நாடுகளின் விதிகளை அளந்து பார்ப்பதற்கும் ஏற்ற அளவுகோலாகும்.